இலைக்குள் ஓடிய கோடுகள்

தென்காசிக்கு நான் வந்தது பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றின் களப்பணியாளராக. சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. காலையில் பைக்கை எடுத்தால் ஆய்க்குடி, பாவூர்சத்திரம், சுற்றியுள்ள ஊர்கள். நாள் முழுக்க எத்தனையோ பேர் "வாங்க சார்" என்பார்கள். அறைக்குத் திரும்பி பார்சலைப் பிரிக்கும்போது, மருந்தின் பெயரைத் தவிர அன்று நான் எதுவுமே பேசவில்லை என்பது நினைவுக்கு வரும்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். ஆய்க்குடி தாண்டி, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவரின் வீடு. நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் தக்காளி போட்டிருந்தார். வரப்போரம் தட்டப்பயறு.

கோடையில் ஒருநாள் அவரே போன் செய்தார். "சார், இலையில எல்லாம் யாரோ சாக்பீஸால கிறுக்குன மாதிரி இருக்கு. கொஞ்சம் வந்து பாக்கேளா?"

போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கோடுகள், பாம்பு நெளிந்த தடம் போல. ஒரு முனையில் நூலளவு, போகப்போக அகலம். படித்த காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பூச்சிதான். எள்ளைவிடச் சிறிய ஈ. முதுகில் மஞ்சள் பொட்டு. பெண் ஈ இலையைக் குத்தி உள்ளே முட்டையிடும். புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே பச்சையைத் தின்றுகொண்டே நகரும். வளர்ந்ததும் வெளியேறி மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை.

எல்லாம் தெரிந்திருந்தும் எங்கள் கம்பெனி மருந்தைத்தான் சொன்னேன். அண்ணாச்சி அடித்தார். பத்து நாளில் கோடுகள் அதிகமாயின. இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு கீழிலைகள் காய்ந்து சுருண்டு, காய்களை வெயில் சுட்டது.

அவர் கோபப்படவில்லை. "நீங்க சொன்னதத்தான செஞ்சேன் சார்" என்றார். அவ்வளவுதான். அன்று அந்த வீட்டில் எனக்குச் சாப்பாட்டுக்கு இலை போடவில்லை. நான் ஒரு கைப்பிடி தக்காளி இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் பறித்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈரக் காகிதம் விரித்து இலைகளை வைத்தேன். டப்பாவின் வாயில் மெல்லிய துணி கட்டினேன். அரிசிக் குருணை போன்ற பழுப்புக் கூடுகள் காகிதத்தில் விழுந்தன. பிறகு ஈக்கள் வந்தன. எல்லாமே ஈக்கள். உள்ளே ஒரு இளம் தட்டப்பயற்று இலையை வைத்தேன். பெண் ஈ குத்திய புள்ளியில் சாறு உறிஞ்சியது. ஆண் ஈயால் குத்த முடியாது. அது காத்திருந்து அவள் விட்டுப்போன புள்ளியில் வாய் வைத்தது. ராத்திரிச் சாப்பாட்டை டப்பா பக்கத்தில் வைத்து உண்ணும் பழக்கம் வந்தது. வேறு யார் இருந்தார்கள்?

சாரல் தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிறு குற்றாலம் போனேன். அருவியில் குளிக்க முடியவில்லை. போனையும் சட்டையையும் பார்த்துக்கொள்ளக் கூட ஆள் வேண்டுமே. கூட்டம் குளிப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். இலஞ்சி போகிற வழியில் ஓடையோரம் ஆமணக்கு நின்றது. அதன் இலையிலும் அதே கோடுகள். பக்கத்துப் பூசணிக் கொடியில், ஒரு வீட்டு வாசல் கேந்திப்பூச் செடியில். இந்த ஈக்கு எந்தச் செடியும் சம்மதம்தான் போல. ஆனால் எதிலும் இரண்டு மூன்று கோடுகளுக்கு மேல் இல்லை. செடிகள் செழிப்பாக இருந்தன. அங்கே யாரும் மருந்தடித்ததில்லை.

அந்த இலைகளைப் பறித்துவந்து இரண்டாவது டப்பாவில் வைத்தேன். அதில் வந்த ஈக்கள் கொஞ்சம்தான். இலையில் ஊசித்துளை இட்டு வெளியே வந்தவை வேறு: கரும்பச்சையாக மின்னும் பொடிக் குளவிகள். புழுவை இலைக்குள்ளேயே தின்று வளர்ந்தவை. அண்ணாச்சி வயலில் என் மருந்து கொன்றது இவற்றைத்தான். புழு இலைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

மறுநாளே இரண்டு டப்பாக்களையும் அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். தக்காளியை உழுதுவிட்டு மக்காச்சோளம் விதைத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் இரண்டாவது டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல எது நம்மாளு?"

குளவியைக் காட்டினேன்.

"ஏட்டி, இங்கன வா. இதப் பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர்கள் வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு அவர் டப்பாவைத் திருப்பித் தந்தார். "இத அப்பமே சொல்லியிருக்கலாம்லா, சார்."

"ஆமாம் அண்ணாச்சி."

"சாப்ட்டேளா?" என்று அந்த அம்மா கேட்டார். கேட்டுவிட்டுக் கணவரின் முகத்தைப் பார்த்தார். அவர் வயல் பக்கம் திரும்பி நின்றார்.

"சாப்பிட்டேன்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

குளவி டப்பாவின் துணியை அவர் வரப்பிலேயே அவிழ்த்துவிட்டுப் பைக்கை எடுத்தேன். அந்த வேலையில் இன்னும் எட்டு மாதம் இருந்தேன். கோடு விழுந்த இலையோடு யார் வந்தாலும், மருந்து வேண்டாம், கீழிலைகளைக் கிள்ளி எரித்துவிட்டுப் பொறுங்கள் என்று சொல்லிவந்தேன். கம்பெனியில் கூப்பிட்டுக் கேட்டபோது மறுக்கவில்லை. பாவூர்சத்திரம் சந்தையில் அண்ணாச்சியை இருமுறை பார்த்தேன். தலையசைத்தார். நானும் அசைத்தேன். நடுவே காய் மூட்டைகளை ஆட்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.