சனிக்கிழமை ஏற்றிய கரி

சின்னதுரை கம்பியை உருவித் தொட்டார். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சுட்டுவிட்டது.

நெய்வேலியில் கரி ஏற்றும் டிரைவர்கள் வண்டியில் இப்படி ஒரு நீளக் கம்பி வைத்திருப்பார்கள். லோடுக்குள் ஆழமாகச் செருகி, கொஞ்ச நேரம் விட்டு, உருவித் தொட்டுப் பார்ப்பார்கள். வெதுவெதுப்பு என்றால் ஓட்டலாம். சுட்டால், உள்ளே தானாகவே கனிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பழுப்பு நிலக்கரிக்குத் தீக்குச்சி வேண்டாம், காற்றுப்பட்டுச் சும்மா கிடந்தாலே போதும். இது தெரியாத ஆள் அந்த ஊரில் கிடையாது. இருந்தும், முப்பத்துநாலு வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன் சனிக்கிழமை ஏற்றிய கரியைத் திங்கட்கிழமை காலை வரை வண்டியிலேயே வைத்திருந்தார். கரி வாங்கும் தொழிற்சாலையின் வாசலில் முதல் வண்டியாக நிற்கவேண்டும் என்கிற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அந்த ஆசையிலும் ஒரு பயம் இருந்தது. இனிமேல் கரியை லாரியில் எடுப்பதா, ரயிலில் எடுப்பதா என்று மேலே பேச்சு நடப்பதாக தொழிற்சாலை மேனேஜர் விஜயராஜ் போன வாரம் சொல்லியிருந்தார். இந்த வாரம் லாரி லோடு ஒன்றுகூடத் தாமதமாக வரக் கூடாது, கெட்டும் வரக் கூடாது என்றார். நாற்பது லாரிகளின் பிழைப்பு அந்த வாரத்தில் தொங்கியது.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் சின்னதுரையுடையது. அண்ணனுக்குப் பர்மனென்ட் வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைத்தன, தம்பி லாரியைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வயதில் பண்ருட்டிப் பலாவோடு பம்பாய் வரை போனார். அதுவரை ரயில் பார்சலில் அனுப்பிக்கொண்டிருந்த மண்டிக்காரரிடம், "ரயிலு கடை வாசலுக்கு வருமாங்க? நான் வருவேன்" என்று சொல்லித்தான் அந்த லோடைப் பிடித்தார். ரயிலிடமிருந்து முந்திரி போனது, வெல்லம் போனது, லாரிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. பிறகு பதினாறு சக்கர வண்டிகள் வந்தன, பம்பாய் இவர் கையை விட்டுப் போனது. அப்புறம் கோயம்புத்தூர். அப்புறம் சேலம். ஐம்பத்தாறு வயதில் ஒரு டிப்பரோடு, சுரங்கத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் தொண்ணூறு கிலோமீட்டரில் வந்து நின்றார்.

அந்தத் தொண்ணூறும் இப்போது மூடிய ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நின்றது. குறுக்கே சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. வேகன் வேகனாகப் போய்க்கொண்டே இருந்தது, வால் வந்தபாடில்லை. தார்ப்பாயின் ஓரத்தில் நூலிழையாகப் புகை கிளம்பியது. பின்னால், முட்டிக்கொள்கிற தூரத்தில், ஆட்கள் நிறைந்த டவுன் பஸ்.

கேட் திறந்ததும் ஓட்டிவிட்டால், போய்ச் சேர்ந்து அங்கே தண்ணீர் அடித்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. அப்படித்தான் முதலில் நினைத்தார். ஆனால் ஓட்ட ஓட்டக் காற்று உள்ளே போகும். டீசல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது.

இறங்கிப் போய் பஸ் டிரைவரிடம், "அண்ணே, லோடு புகைஞ்சிகினு இருக்குது. பஸ்ஸ பின்னால எடுங்க" என்றார். அவர் தார்ப்பாயை ஒரு பார்வை பார்த்தார், மறுபேச்சில்லாமல் ரிவர்ஸ் போட்டார்.

சாலையோரம் கரும்பு வெட்டி முடிந்த கொல்லை. காய்ந்த தோகை பரவிக் கிடந்தது, ஒரு பொறி போதும். வண்டியை அங்கே திருப்பியதும் கொல்லைக்காரி அமிர்தம் ஓடிவந்து வழிமறித்தாள். சின்னதுரை கையெடுத்துக் கும்பிட்டார். அவள் புகையைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள்.

"அந்தக் கட்டாந்தரையில கொட்டு. தோகைப் பக்கம் வந்த, வெட்டிப்புடுவேன்."

பாதி வழியில் பின்சக்கரம் ஈரமண்ணில் புதைந்து சுழன்றது. இரண்டு முறை முன்னும் பின்னும் ஆட்டி, மூன்றாம் முறை ஏறியது. டிப்பரைத் தூக்கினார். கரி சரிந்து காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றிக்கொண்டது. வண்டியை முன்னால் பாய்ச்சியபோது பின்கதவின் பெயின்ட் பொரிந்திருந்தது. அமிர்தம் மோட்டார் போட்டாள். பஸ்ஸில் வந்தவர்கள் மண்ணை வாரி வாரி இறைத்தார்கள். தீ அடங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இனி மேனேஜருக்கு போன் போடவேண்டும். வண்டி ரிப்பேர் என்று ஒரு வார்த்தை சொன்னால் பழி இந்த ஒரு வண்டியோடு போகும், மற்ற முப்பத்தொன்பது பேரும் தப்பிப்பார்கள். ஆனால் பஸ் ஜன்னலில் பார்த்த முகங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது அவருக்கு.

"சனிக்கிழம ஏத்தினதுங்க. பத்திக்கிச்சு. என் தப்புதான்" என்றார்.

விஜயராஜ் யாருக்காவது காயமா என்று கேட்டார். இல்லை என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து ரயில்தாங்க. உங்களால இல்ல, போன வாரமே முடிவாயிடுச்சு. உங்க எல்லார் முகத்தையும் பார்த்துச் சொல்ல வாய் வரல."

சின்னதுரை வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். போன வாரமே. அப்படியானால் இந்த வரிசை, இந்தச் சனிக்கிழமை, இந்தத் தீ, எல்லாம் எதற்கு?

"ஆனா ரயிலு எங்க வாசலுக்கு வராதுங்களே" என்றார் விஜயராஜ். "வேகன் எறக்குற எடத்துலேர்ந்து உள்ள மூணு கிலோமீட்டர். அதுக்கு டிப்பர் வேணும். வர்றீங்களா?"

"மூணுங்களா?"

"மூணுதாங்க."

ரயில் எப்போதோ போயிருந்தது, கேட் திறந்து கிடந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு போனைச் சட்டைப்பையில் போட்டார். மூன்று கிலோமீட்டருக்குள் எந்தக் கரியும் சூடாகாது. இருந்தாலும் வண்டிக்குள் போட்டிருந்த கம்பியை எடுத்துத் துடைத்து, சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.