பதினோராவது சோதனையில் வந்த பெயர்

கடைக்காரர் நீட்டிய கம்பியைச் சென்னிமலை பையில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து மின்சாரம் பாயுமா என்று பார்க்கும் சின்ன மீட்டரை எடுத்து, கம்பியின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்த்தார். மீட்டர் கீச்சென்றது. கம்பியை வளைத்துப் பிடித்து இன்னொரு முறை தொட்டார்.

"ஏனுங்க, உங்க முன்னாலதானுங்க கவரப் பிரிச்சேன். புதுசுங்க" என்றார் கடைக்காரர் சின்னண்ணன்.

"புதுசுன்னாத்தானுங்க சந்தேகமே. பழசுன்னா இத்தன நாளு ஓடியிருக்குதுன்னாவது தெரியும்."

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகளுக்கு மின்வேலை பார்க்கும் பட்டறையில் அவருக்கு வேலை. வயது நாற்பத்தாறு. ஈரோடு பஸ்ஸில் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஏறமாட்டார். கண்டக்டரைக் கேட்பார், உட்கார்ந்த பிறகு பக்கத்துச் சீட்டுக்காரரையும் கேட்பார். "கலியாணத்துக்கு முன்னால என்னயப் பத்தி ஒம்பது ஊட்ல விசாரிச்சாருங்க. பத்தாவது ஊட்ல எங்க சித்தியே இருந்துச்சு. அதோட உட்டுட்டாரு" என்பார் அவர் மனைவி அனிதா.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஏற்ற வேலை ஒன்று உலகத்தில் இருந்தது. எவரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய கணினி இயங்குதளம் ஒன்றை, ஏழெட்டு நாடுகளில் நூறு பேர் சம்பளமில்லாமல் எழுதி வருகிறார்கள். பட்டறையிலிருந்து வந்து, முகம் கழுவி, தினமும் ஆறு மணிக்குச் சென்னிமலை அதில் உட்காருவார். கோப்புகளைக் கணினியின் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், சேமிக்கும் பகுதிக்கு அவர்தான் பொறுப்பாளர். அங்கே யார் எந்த வரியை மாற்றினாலும் அவர் ஒப்புதல் வேண்டும். வரிக்கு வரி கேள்வி கேட்பார். இதை ஏன் மாற்றினாய், மாற்றாவிட்டால் என்ன கெட்டுப்போகும், சோதித்தாயா, எத்தனை முறை?

சென்ற ஆடியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து மடல் வந்தது. பழைய கணினிகளில் இந்த இயங்குதளத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். மாலையில் ஏற்றிய மதிப்பெண் பட்டியல் மறுநாள் திறந்தால் பாதிதான் இருக்கிறது. எப்போதும் இல்லை, எப்போதாவதுதான்.

சென்னிமலையின் சந்தேகம் நேராக ஜோதி என்ற பெயரில் போய் நின்றது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் இந்த நூறு பேரில் வந்து சேர்ந்த ஆள். முகமும் தெரியாது, ஊரும் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதும் மடல் சுத்தமாக இருக்கும். ஒன்பது திருத்தங்கள் அனுப்பியிருந்தார், ஒன்றில்கூடக் குறை இல்லை. அதுவே அவரை உறுத்தியது.

"தப்பே பண்ணாம ஒரு ஆளு எழுத முடியுமா? எதுக்கோ நம்ம கண்ணக் கட்டுது" என்றார் அனிதாவிடம். "காசு வாங்காம எவனோ எதுக்கு நமக்கு வேல செய்யோணும்?"

"நீங்களுந்தான் காசு வாங்காம செய்யறீங்க. உங்கள யாரு கேட்டா?"

அந்தக் கேள்வி அவர் காதில் ஏறவில்லை. ஜோதியின் ஒன்பது திருத்தங்களையும் நீக்க வேண்டும் என்று நூறு பேரும் படிக்கும் பொது மடலில் எழுதினார். ஜோதி ஒரே வரியில் பதில் போட்டார்: 'நீக்கிவிடுங்கள். அதன் பிறகும் பிழை வந்தால் தெரிவியுங்கள்.' இவ்வளவு நிதானம் எங்கிருந்து வருகிறது என்று அதையும் சந்தேகப்பட்டார்.

நீக்கினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடி மடல் வந்தது. இந்த முறை ஒன்பதாம் வகுப்புப் பட்டியல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னிமலை முறையாகத் தேட உட்கார்ந்தார். பிழையில்லாத பழைய பதிப்பு ஒன்று, பிழையுள்ள புதிய பதிப்பு ஒன்று. இரண்டுக்கும் நட்டநடுவில் உள்ள பதிப்பை ஓட்டி, கோப்பைச் சேமித்ததும் மின்சாரம் போனதுபோல் நிறுத்தும் ஒரு நிரலை வைத்து, ஐந்நூறு முறை பார்ப்பது. அது கெட்டிருந்தால் முந்தைய பாதியில் தேட வேண்டும், சரியாக இருந்தால் பிந்தைய பாதியில். ஒவ்வொரு சோதனையிலும் பாதி கழிந்துபோகும். பதினோராவது சோதனையில் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சியது. ஜோதி வருவதற்கு இரண்டு வருடம் முன்பு செய்த மாற்றம். செய்தவர் பெயர் சென்னிமலை.

கணினியைச் சந்தேகப்பட்டு வேறு கணினியில் ஓட்டினார். வட்டை மாற்றினார். மறுபடியும் அதே பெயர். வேகம் கூட்டுவதற்காக அன்று ஒரு வரியை மேலே நகர்த்தியிருந்தார். கோப்பு முழுவதும் வட்டில் இறங்கும் முன்பே 'முடிந்தது' என்று அந்த வரி சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நொடியில் கணினியை அணைத்தால் வால்பகுதி காணாமல் போகும். பொறுப்பாளர் எழுதியது என்பதால் அதை அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை.

"சோறு ஆறுதுங்க. என்னாச்சு?" என்றார் அனிதா.

"தப்புப் பண்ணுன ஆளக் கண்டுபுடிச்சிட்டேன்."

"யாருங்க?"

சென்னிமலை திரையை அனிதா பக்கம் திருப்பினார். அனிதா படித்தார். தட்டை மூடி வைத்துவிட்டுப் போனார்.

பிழை தன்னுடையது, ஜோதியின் மேல் சுமத்தியது தவறு என்று நூறு பேருக்கும் எழுதினார். பிறகு ஜோதியிடம் எண் கேட்டு வாங்கினார். எண்ணோடு ஊரும் வந்தது. ஆட்டையாம்பட்டி. சேலைத் தறிகளுக்குக் கணினியில் டிசைன் போட்டுக் கொடுக்கும் பெண்மணி. ஏதோ கண்காணாத நாட்டு மோசக்காரர் என்று அவர் எண்ணியிருந்த ஆள், ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்தார்.

"நா சென்னிமலை பேசறனுங்க. உங்க மேல தப்பில்லீங்க. எம் மேலதான்."

"தெரியுமுங்க."

"அதுக்குள்ள மடலப் படிச்சிட்டீங்களா?"

"இல்லீங்க. என்னோட திருத்தத்த எடுக்கச் சொன்னீங்கல்ல, அன்னைக்கே தேடிப் பாத்தேன். உங்க பேருல வந்து நின்னுச்சு."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

தறிச் சத்தத்துக்கு மேல் ஜோதி குரலை உயர்த்தினார். "சொல்லியிருந்தா, தப்பிச்சுக்கறதுக்கு உங்க மேல போடறேன்னு நெனைச்சிருப்பீங்க. நீங்களாத் தேடுனாத்தான் நம்புவீங்கன்னு உட்டுட்டேன். அது எந் தப்புங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க இன்னொருக்காத் தொலைச்சிட்டாங்களே."

அப்படித்தான் நினைத்திருப்போம் என்று சென்னிமலைக்கே தெரிந்தது. "வெச்சிடறனுங்க" என்று பேச்சை முடித்தார்.

நகர்த்திய வரியை மாலையில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். ஐந்நூறு முறை சோதித்தார், ஒன்றும் தொலையவில்லை. ஒரு விசையைத் தட்டினால் திருத்தம் நேராக உள்ளே சேர்ந்துவிடும். அவர் தட்டவில்லை. அதை ஜோதியின் பெயருக்கு அனுப்பினார். கீழே, 'சேர்க்கலாமா, பார்த்துச் சொல்லுங்கள்' என்று எழுதினார். பிறகு விசைப்பலகையைக் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.