கட்டி விழாத கரிக்கலவை

சிங்கப்பூரில், கிளமெண்டியில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு ஓராண்டு ஒப்பந்த வேலை. வளைத்தாலும் மின்சாரம் கடத்தும் ரப்பர் பட்டை செய்ய வேண்டும். வெறும் ரப்பர் கடத்தாது. கண்ணுக்குத் தெரியாத கரிக்குழாய்களை அதில் கலந்தால், அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் வழியாக மின்சாரம் ஓடும். பட்டை சரியாக வந்தால்தான் ஒப்பந்தம் நீளும்.

எட்டு மாதம் கழித்து வந்த முதல் பட்டையில் மின்சாரம் ஓரளவு போனது. பேராசிரியர் அதைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா, கட்டி கட்டியா இருக்கு? மிக்ஸிங் சரியில்ல லா."

உப்புமாவில் கட்டி என்று யாராவது சொன்னாலே அன்று முழுக்க அவரோடு பேசாதவள் நான். விடுவேனா? முதலில் கரிக்குழாயை அள்ளிப் போட்டேன். பட்டை விறைத்து, வளைத்ததும் வெடித்தது. பிறகு பழைய அளவுக்கே வந்து, ஒலி அதிர்வால் கலக்கும் கருவியில் இருபது நிமிடம் வைத்ததை இரண்டு மணி நேரமாக்கினேன். கலவை கண்மை மாதிரி வந்தது. மின்சாரம் மட்டும் சுத்தமாக நின்றுபோனது. மீட்டரைத் திட்டினேன், கம்பியைத் திட்டினேன், இந்த ஊர்ப் புழுக்கத்தைத் திட்டினேன். மூன்று மாதம் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எரிச்சலில் ஒவ்வொன்றாக நுனியை ஒடித்தபடி இருந்திருக்கிறேன். கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"அக்கா, இப்படி எல்லாத்தையும் ஒடிச்சுப் போட்டா எப்படி?"

வெட்கமாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது, ஆய்வகத்திலும் நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று. மறுநாள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன். குழாய்கள் எல்லாம் துண்டு துண்டு. ஒன்றுக்கு இன்னொன்று எட்டவில்லை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

"டியூப்பை நான்தான் சார் ஒடச்சுட்டேன். கட்டி போகணும்னு ரொம்ப நேரம் ஓட்டிட்டேன்."

"மூணு மாசமாவா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இருபது நிமிடத்தில் செய்த புதுப் பட்டை, கட்டி கட்டியாக இருந்தாலும், மின்சாரம் கடத்தியது. ஆனால் அதைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதிக்க நாள் போதவில்லை. ஒப்பந்தம் நீளவில்லை. கடைசி நாள், எனக்குப் பின் வருபவருக்காகச் செய்முறை எழுதி வைத்தேன். 'இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.' காரணம் எழுதக் கீழே இடம் இருந்தது. எழுதவில்லை. அவராவது என்னை முட்டாள் என்று நினைக்காமல் இருக்கட்டும்.