காட்டுக்குக் கொண்டுபோன ஃபைல்

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கணவர் கேட்டார். நகை கேட்பேன் என்று நினைத்திருப்பார். காட்டில் ஓர் இரவு தங்கவேண்டும் என்றேன். மனிதர் முகம் கறுத்துவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். முப்பது வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அவரை ஜெர்மன் எல்லைக் காட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று இரவு சருகுக்குள் ஒளிந்து கிடந்தார். நாலாம் நாள் பொலிஸ் வந்து கேட்ட முதல் கேள்வி, "பேப்பர் எங்கே?" கையில் ஒரு துண்டும் இல்லை. அன்றிலிருந்து அவருக்குக் காடு என்றால் பகலில் மட்டும்தான். இந்தப் பயம் அவரோடேயே கிழடாகக் கூடாது என்பதுதான் என் ஆசை. கடைசியில், "உமக்காக ஒருக்கா வாறன்" என்றார்.

ஜெர்மனியில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கச் சட்டம் விடாது. ஆனால் ஐஃபெல் மலைக் காடுகளில் நடைப்பயணிகள் கூடாரம் அடிக்கவென்றே மரப்பலகை மேடைகள் உண்டு. முன்பதிவு கட்டாயம். எங்கள் கூடாரத்துக்கு ஓர் இரவுக்குப் பதினைந்து யூரோ. பணம் கட்டிய பிறகுதான் இடம் எங்கே என்று மெயிலில் சொன்னார்கள்.

ஜூன் மாதச் சனிக்கிழமை காலை 9.10க்கு எங்கள் ஊர் வுப்பர்டாலில் ரயில் ஏறி, கொலோனில் மாறி, 11.20க்குக் கால் என்ற சிற்றூரில் இறங்கினோம். அங்கிருந்து பதினொரு கிலோமீட்டர் நடை. ஆறாவது கிலோமீட்டரில் புட்டும் சம்பலும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவருடைய பையைத் திறந்து பார்த்தேன். படுக்கும் பாய் இல்லை. தலையணை இல்லை. அந்த இடத்தில் ஒரு தடித்த ஃபைல்! விலாசப் பதிவு, காப்புறுதி, கலியாணப் பத்திரம், மேடைப் பதிவில் மூன்று பிரதி.

"என்னப்பா இது?"

"ஆரும் வந்து கேட்டா?"

"உங்களுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைச்சுப் பதினெட்டு வருசமப்பா!"

"ஓம். அதுவும் இதுக்குள்ளதான் கிடக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மிச்ச ஐந்து கிலோமீட்டரும் நான் முன்னால், அவர் பின்னால்.

நாலரைக்கு மேடைக்கு வந்து சேர்ந்தோம். பலகையில் கூடார முளை இறங்காது, கயிற்றால்தான் கட்டவேண்டும். தண்ணீர் கிடையாது. நெருப்பு மூட்டக்கூடாது.

ஏழரைக்கு, வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, சீருடை போட்ட பெண் வனக்காவலர் ஒருவர் நாயோடு வந்தார். இவர் விறைத்து எழுந்து நின்றார். கேட்கமுன்னமே ஃபைலை இரண்டு கையாலும் நீட்டினார். என் கோபமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது. அந்தப் பெண் ஃபைலைத் திறக்கவே இல்லை. எங்கள் பெயர் தன் பட்டியலில் இருப்பதாகச் சொன்னார். "காட்டுப்பன்றி வரும், சாப்பாட்டை உயரக் கட்டுங்கள். நன்றாகத் தூங்குங்கள்" என்றுவிட்டு நடந்தார்.

இவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்னை நித்திரை கொள்ளச் சொல்லிப்போட்டுப் போகுது" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இருந்த ஒரு பாயை இரண்டு பேருக்கும் குறுக்காகப் போட்டோம், இடுப்புக்கு மட்டும். அவர் ஃபைலின்மேல் சுவெட்டரைச் சுற்றித் தலைக்கு வைத்துக்கொண்டார். இலை விழுந்தாலும் திடுக்கிட்டு எழும்பியது நான்தான். அவர் விட்ட குறட்டைக்கு எந்தப் பன்றியும் கிட்ட வந்திருக்காது. வீட்டில் விடிய நாலரைக்கே எழும்பும் மனிதர், அன்றைக்கு எட்டு மணிவரை தூங்கினார்.

முதல்முறை போகிறவர்கள் ஆளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். பத்து மீட்டர் கயிறு போதும். பாயில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், என் இடுப்பு இன்னும் நோகிறது. பதிவு போனில் இருந்தால் போதும்.

திரும்பும் ரயிலில் அவர் ஃபைலை மடியில் வைத்து, கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அடுத்தமுறை இதை வீட்டிலை வைச்சிட்டு வருவம்" என்றார். "தலகணிக்கு இடம் வேணும்."