ஒரு சுற்றுக்கு ஒரு நாள் லாபம்

என் வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நாற்காலி’ என்றால் போதும், சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு நாற்காலி, நாற்காலியில் இவர். வருகிற வண்டிக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பதும் போகிற வண்டிக்குக் கம்பியைத் தூக்குவதும்தான் வேலை. கம்பியையும் கையால் தூக்க வேண்டாம், பொத்தானை அமுக்கினால் அதுவே தூக்கிக்கொள்ளும். “மாப்பிள்ளைக்கு உக்காந்த இடத்துல வேலை” என்று என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அண்ணன் பெருமையாகச் சொன்னபோது, ஏதோ பெரிய உத்தியோகமாக்கும் என்று நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

நானோ சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். காலையில் நின்றால் சாயங்காலம் வரை நின்றபடிதான். அப்படி வந்து கதவைத் திறந்தால் இவர் வீட்டிலும் உட்கார்ந்திருப்பார். ரிமோட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், கை நீளாது. மூலைக் கடைக்குப் போகச் சொன்னால், அந்தப் பக்கம் யாராவது வண்டியில் போகிறார்களா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் பில் வந்தால், “நீயே படிச்சுச் சொல்லு, என் கண்ணாடி உள்ள இருக்கு” என்பார். உள்ளே என்றால் ஏதோ வெளிநாடு இல்லை, அடுத்த அறை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்து என்ன செய்ய? கத்திவிட்டு நானே படிப்பேன்.

எங்களுக்கு ஒரே பெண். மூன்றாம் வகுப்பு படிக்கிற அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு எழுத்து பிடிபடவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் இடம் மாறி உட்காருகிறது என்பாள். பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் வயிற்றுவலி வரும், விடுமுறை வந்தால் வயிறு தானாகச் சரியாகிவிடும். மற்ற பிள்ளைகள் அவளை மக்கு என்றார்கள். நானும் கோபத்தில் ஒரு நாள் சொல்லிவிட்டு அப்புறம் குளியலறையில் நின்று அழுதேன்.

அப்போதுதான் எங்கள் அரசுப் பள்ளிக்கு வாசிப்பு டீச்சர் வந்தார். எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கென்றே தனி டீச்சர். மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கிற அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அந்தப் பொந்துக்குள் நாலைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அட்டையில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, அதன் வழியாக ஒவ்வொரு சொல்லாகக் காட்டுவார். தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொல்வார். திட்டவே மாட்டார். கொஞ்ச மாதத்தில் பாப்பா வாசிக்க ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பஸ்ஸில் ஏறினால் கண்ணில் படுகிற பலகையையெல்லாம் தொண்டை கிழிய வாசித்து மானத்தை வாங்கினாள். “அம்மா, மூல நோய்க்கு இங்கே நிரந்தரத் தீர்வு!” என்று அவள் கத்தியதில் பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கண் பட்டதுபோல மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து வாசிப்பு டீச்சருக்குப் பாதிச் சம்பளம்தான் அரசாங்கம் தருமாம். மீதியை ஊர்க்காரர்கள் திரட்டினால் அவர் இருப்பார், இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

தலைமையாசிரியை பெற்றோர், கடைக்காரர்கள் எல்லோரையும் கூட்டினார். கூட்டம் பள்ளியின் மாடியில் நடந்தது. மாடி என்றதுமே என் வீட்டுக்காரர், “நீ போயிட்டு வந்து சொல்லு” என்று சொல்லிவிட்டார்.

தலைமையாசிரியை ஒரு யோசனை சொன்னார். சனிக்கிழமை பள்ளி மைதானத்தைச் சுற்றி எல்லோரும் நடப்பது. யார் நடந்தால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தருவோம் என்று கொடுக்கிறவர்கள் இப்போதே மைக்கில் சொல்லிவிட வேண்டும். நடுவில் நிற்கலாம், தண்ணீர் குடிக்கலாம், ஆனால் உட்கார்ந்துவிட்டால் அவர் கணக்கு முடிந்தது. இருட்டும் வரை நடக்கலாம்.

எங்கள் ஆட்களைப் பற்றித் தலைமையாசிரியைக்குத் தெரியாது. மைக் கையில் கிடைத்தால் இவர்கள் வள்ளல்கள். வீட்டுக்குப் போய்ப் பையில் கை விடும்போதுதான் கை நடுங்கும். அதனால் பேரும் வர வேண்டும், காசும் போகக் கூடாது என்று ஆளாளுக்கு யோசித்துக்கொண்டிருந்தார்கள். வழி காட்டியவர் என் அண்ணன்தான். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எழுந்து, தொண்டையைக் கனைத்து, மைக்கை வாங்கினார்.

“என் மாப்பிள்ளை நடக்கட்டும். ஒரு சுத்துக்கு என் கடையோட ஒரு நாள் லாபம் தர்றேன்!”

மாடியே சிரிப்பில் அதிர்ந்தது. நாற்காலி நடக்கிறதா! அடுத்த நிமிஷம் மருந்துக் கடைக்காரர் எழுந்து, “நானும் நாற்காலிக்குத்தான். ஒரு சுத்துக்கு ஒரு நாள் லாபம்” என்றார். பேக்கரிக்காரர், போட்டோ ஸ்டுடியோக்காரர், பல் டாக்டர் என்று வரிசையாக அத்தனை பேரும் என் புருஷன் தலையிலேயே கட்டினார்கள். தினமும் ஊரையே நடந்து அளக்கிற தபால்காரர் பேரைச் சொன்னபோது மட்டும் சபை கப்சிப். கடைசியில் யாரோ ஒருவர் ஒரு டீக்காசு அறிவித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை நான் ஆயிரம் சொல்லுவேன், அது என் பாடு. இவர்கள் யார்?

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். “ஊரே சிரிக்குது! உங்க பேரைச் சொல்லித் தப்பிச்சுட்டாங்க, தெரியுமா? நாற்காலியாம், நாற்காலி! டீச்சர் போனா போகட்டும்னு நீங்களும் உக்காந்திருங்க!”

இவர் டிவியை அணைத்தார். எழுந்துபோய்த்தான் அணைத்தார்.

“நிஜமாவே போயிடுவாங்களா?”

“பின்ன, பொய்யாவா போவாங்க?”

இவர், “பில்லெல்லாம் உன்னையப் படிக்கச் சொல்றேன்ல, அது கண்ணாடி இல்லாததால இல்ல” என்றார். “பாப்பாவுக்கு எழுத்து எப்படி ஓடுதோ, எனக்கும் அப்படித்தான். சின்ன வயசுல இருந்தே. எங்க வாத்தியாரு என்னைக் கடைசி பெஞ்சுல உக்காருன்னாரு. உக்காந்தேன். எனக்கு இப்படி ஒரு டீச்சர் கிடைக்கலடி.”

இத்தனை வருஷமாகக் கூடவே இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. சோம்பேறி, சோம்பேறி என்று வாய் கிழியக் கத்தியிருக்கிறேன். “சாப்பிட வாங்க” என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை வந்தது. மைதானத்துச் சுவரில் ஒரு நீளக் காகிதத்தை ஒட்டி, அதில் பெரிய தெர்மாமீட்டர் வரைந்து வைத்திருந்தார்கள். பணம் ஏற ஏற அதற்குச் சிவப்பு வண்ணம் பூச வேண்டும். உச்சியைத் தொட்டால் டீச்சர் சம்பளத்தின் மறுபாதி தேறிவிட்டது என்று அர்த்தம். டீச்சர் படியோரம் நின்றிருந்தார். பாப்பா அவர் சேலை முந்தானையை விடவே இல்லை.

என் அண்ணன் வெள்ளைச் சட்டையில் ஜம்மென்று வந்தார். “வாங்க மாப்ளே, ஒரு சுத்தாவது போயிட்டு வாங்க. என் பேரு கெட்டுடக் கூடாதுல்ல?” என்று முதுகில் தட்டினார்.

இவர் நடக்க ஆரம்பித்தார். அதை நடை என்று சொன்னால் நடைக்குக் கோபம் வரும். ஒரு காலை வைத்துவிட்டு, அடுத்த காலை வைக்கலாமா என்று யோசிப்பது மாதிரி இருந்தது. இளவட்டங்கள் சர்சர்ரென்று தாண்டிப் போனார்கள். முதல் சுற்று முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். என் அண்ணன்தான் பலமாகத் தட்டினார்.

ஐந்தாறு சுற்று போன பிறகு கைதட்டல் நின்றது.

ஓடியவர்கள் எல்லாம் வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகப் புல்லில் கவிழ்ந்தார்கள். இவர் அதே வேகத்தில், வேகம் என்று அதைச் சொல்லலாம் என்றால், போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவை அவர் கோட்டைத் தாண்டும்போதும் சிவப்பு ஏறியது. என் அண்ணன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். “செவ்வாய்க்கிழமை போச்சு... புதன் போச்சு...” திடீரென்று தலைமையாசிரியையிடம் ஓடினார். “மேடம், ஞாயித்துக்கிழமை கடை லீவு. அன்னைக்கு லாபமே கிடையாது. ஏழுல ஒரு சுத்தைக் கழிச்சிடுங்க!”

“மைக்ல அப்படிச் சொல்லலையே சார்” என்றார் தலைமையாசிரியை.

பிறகு தொடங்கியது வேடிக்கை. மருந்துக் கடைக்காரர் ரத்த அழுத்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு இவர் பின்னாலேயே ஓடினார். “நில்லுங்க சார், முகமே சரியில்ல. உக்காந்தாத்தான் பிரஷர் பாக்க முடியும்.” பேக்கரிக்காரர் கேக் தட்டோடு, “உக்காந்து நிதானமா சாப்பிடுங்க” என்று கெஞ்சினார். இவர் நடந்துகொண்டே கேக்கை எடுத்தார், உட்காரவில்லை. பல் டாக்டர், பாவம், அவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பல்லைப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டுப் போய்விட்டார்.

என் அண்ணன் நேராகக் கடைக்குப் போய் ஒரு நாற்காலியோடு வந்தார். சாதாரண நாற்காலியா? சாய்ந்தால் சாயும், காலை நீட்டினால் தாங்கும், மெத்தை வைத்தது, விலைச்சீட்டுகூடக் கழற்றவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் போட்டுத் தூசி தட்டினார்.

“மாப்ளே, உங்களுக்கே உங்களுக்கு. சும்மா ஒரு தடவை உக்காந்து பாருங்க.”

இந்த மனுஷன் எதற்கு மயங்குவாரோ இல்லையோ, நாற்காலிக்கு மயங்குவார். இவரும் நின்றேவிட்டார். மெத்தையைப் பார்த்தார். ஒரு விரலால் அழுத்திக்கூடப் பார்த்தார்.

“நல்லா இருக்கு மச்சான்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

“நீயாவது சொல்லும்மா!” என்று அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். “உன் புருஷன் என்னை நடுத்தெருவுல நிறுத்திடுவார் போலிருக்கே!”

“மைக்ல கத்தும்போது என்னையக் கேட்டீங்களா அண்ணே?” என்றேன். கூடப்பிறந்தவராயிற்றே என்று உள்ளுக்குள் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் சிவப்பு உச்சியைத் தொட்டது. தலைமையாசிரியை மைக்கில், “டீச்சர் நம்மகூடவே இருக்காங்க!” என்று கத்தியதும் மைதானமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைவிட நிம்மதி அடைந்தவர் என் அண்ணன்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி இவர் வழியை மறித்தார். “அவ்வளவுதான் மாப்ளே! முடிஞ்சது! ஜெயிச்சாச்சு! உக்காருங்க!”

இவருக்குச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கால் ஷூவின் அடி வாயைப் பிளந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே தலைமையாசிரியையைப் பார்த்தார்.

“மேடம், இது எத்தனை வருஷத்துக்கு?”

“அடுத்த வருஷம் முழுக்க சார்.”

“அதுக்கப்புறம்?”

தலைமையாசிரியை மைக்கைத் தாழ்த்தினார். “அதுக்கு அடுத்த வருஷம் மறுபடியும் திரட்டணும்.”

இவர் யோசித்தார். “பாப்பாவுக்கு அஞ்சாவது வரைக்கும் டீச்சர் வேணும். ஒரு வருஷம் பத்தாதே” என்றார். வானத்தை அண்ணாந்து பார்த்தார். “இருட்ட இன்னும் நேரம் இருக்குல்ல?”

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, பிளந்த ஷூ தட்தட்டென்று அடிக்க, நடக்க ஆரம்பித்தார்.

எல்லோரும் என் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அவர் நினைத்திருந்தால், உச்சியைத் தொட்டாச்சு, இதற்கு மேல் நான் தர முடியாது என்று சொல்லியிருக்கலாம். நியாயமான பேச்சுதான், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சொன்னால் மற்றவர்களும் சொல்வார்கள்.

அண்ணன் இவரைப் பார்த்தார். படியில் டீச்சர் மடியில் ஏறி உட்கார்ந்திருந்த பாப்பாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கீழே வைத்து, தானே அதில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“நடங்க மாப்ளே!” என்று கத்தினார். “நடங்க, நான் பாத்துக்கறேன்!”

சொல்லிவிட்டுச் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பணம் போகிறதே என்று அழுதாரா, பிள்ளையை நினைத்து அழுதாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சுவரில் காகிதம் முடிந்துவிட்டதால், அதற்கு மேல் வெறும் சுவரிலேயே சிவப்பு பூச ஆரம்பித்தார்கள்.