மஞ்சுக்குள் என் பெயர்

சிரிக்கிறதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய் பிசாசு என்றால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மேல்மலையில் பூண்டு போடுகிறவன், என் சந்தேகமெல்லாம் மனுசர்கள் மேல்தான். விதைப்பூண்டு விற்கிறவன் சத்தியமே பண்ணினாலும் நாலு பல்லைப் பிதுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

எங்கள் ஊருக்கு மேலே ஒரு சின்ன ஏரி இருக்கிறது. தண்ணீர் அவ்வளவு தெளிவு, கரையில் நின்றே அடியில் கிடக்கிற கூழாங்கல்லைப் பார்க்கலாம். சும்மா நடந்தால் முக்கால் மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம். நாயுடுபுரத்தில் விடுதி வைத்திருக்கிற ஒருவர், டூரிஸ்ட்டுகள் வழி தவறாமல் சுற்றி வர அந்தப் பாதையைச் சுத்தம் பண்ணிக் கல்லுக்குக் கல் சுண்ணாம்பு அடையாளம் போடச் சொன்னார். போன வருசம் பூண்டு எடுத்து முடிந்த கையோடு நானும் என் மனைவி செல்வியும் போனோம். நான் முன்னால் அரிவாளால் செடிகொடி வெட்டிக்கொண்டே போவேன், அவள் பின்னாலேயே வாளியோடு சுண்ணாம்பு பூசிக்கொண்டு வருவாள்.

பாதிச் சுற்று முடிந்தபோது மணி மூன்று இருக்கும். மஞ்சு இறங்கியது. எங்களுக்கு மூடுபனி புதுசில்லை, ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்த அரிவாளே மங்கலாகத்தான் தெரிந்தது. அப்போது பின்னால் இருந்து ஒரு குரல்.

"பழனிச்சாமீ!"

அது என் பெயர். குரல் செல்வியின் குரல். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், இவள் அதிலும் ஒரு படி மேல். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் கார்டை நீட்டுவாள். என் பெயர் வந்துவிடும் என்று பழனிக்குப் போவதைக்கூட "முருகன் ஊருக்குப் போறோம்" என்பாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருசத்தில் என்னை ஒரு தடவை பெயர் சொல்லி அழைத்தவள் இல்லை.

எவனோ விளையாடுகிறான் என்று முதலில் நினைத்தேன். மறுபடியும் "பழனிச்சாமீ!" என்று வந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. பதில் சொல்லாதே என்று மனசு அடித்துக்கொண்டது. இதெல்லாம் நம்பாதவன் ஏன் பயந்தாய் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து முன்னால் இருந்து, "ஏங்க... இங்கன வாங்க."

இதுதான் என் பெண்டாட்டி கூப்பிடுகிற விதம். மஞ்சில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள் போல என்று எனக்கு உயிரே வந்தது. வேகமாக நடந்தேன். "ஏங்க" அடுத்த வளைவில் கேட்டது. அங்கே போனால் அதற்கடுத்த வளைவில் கேட்டது. பின்னால் அந்தப் பெயர் சொல்லும் குரல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. தப்பித்தோம் என்று நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம் நடந்தேனோ, காலடியில் சுண்ணாம்பு பூசிய கல் தெரிந்தது. நாங்கள் காலையில் ஆரம்பித்த இடம். சுற்று முடிந்து, செல்வி அடையாளம் போட்ட பாதையிலேயே நடந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கல்லாகப் போனேன். ஓரிடத்தில் கல் பாதிதான் பூசியிருந்தது. பக்கத்தில் வாளி கவிழ்ந்து கிடந்தது. அதோடு "ஏங்க" நின்றுவிட்டது.

கரையோரம் உளைச் சேற்றில், இடுப்புவரை புதைந்து, ஒரு வேரைப் பிடித்தபடி செல்வி கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் தொண்டை கட்டிய குரலில், "பழனிச்சாமி" என்றாள்.

துண்டை வீசி இழுத்து எப்படிக் கரையேற்றினேன் என்று இப்போது நினைவில்லை. அழுதது நினைவிருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் வழக்கத்தை உடைத்துக் கூப்பிட்டிருக்கிறாள், நான் அவளைச் சந்தேகப்பட்டு எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறேன். காலில் விழலாம் என்று குனிவதற்குள் அவளே சொன்னாள்.

"நீங்க மட்டும் கொரல் குடுக்கலைன்னா நான் செத்திருப்பேன். நான் கூப்பிட்டப்பல்லாம் 'இந்தா வந்துட்டேன் கண்ணு, ஆடாம அசையாம கெட'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்கள்ல. அதான் அசையாம கெடந்தேன்."

உளையில் துள்ளத் துள்ளத்தான் ஆள் உள்ளே போகும், அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் வாயே திறக்கவில்லை. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இதுதான் நடந்தது. என்னை முக்கால் மணி நேரம் இழுத்துக்கொண்டு போனது எது, அவள் பக்கத்தில் இருந்து பேசியது எது, இரண்டும் ஒன்றா, எதுவும் தெரியவில்லை.

அவளிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அடுக்கம் ஊரில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டுக்குப் போனால் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாள், நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். சில நாள் வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும்போது, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்பாள்.

"அன்னைக்கு மட்டும் 'கண்ணு'ன்னு கூப்பிட்டீங்க. இன்னொரு தடவ அப்படிக் கூப்பிடுங்களேன்."

நான் அவளை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. கூப்பிடலாம் என்று வாயைத் திறப்பேன், நாக்கு எழாது. அவள் முகத்தைத் திருப்பி ஏரிப் பக்கம் பார்ப்பாள்.