நான் கெட்டுப்போக விடாத கதாநாயகன்

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் அந்தப் படத்தை மறுபடியும் போட்டார்கள். பழைய படங்களைத் தூசு தட்டி, சத்தத்தைக் கூட்டி, டிக்கெட் விலையையும் கூட்டிப் போடுவது இப்போது நல்ல வியாபாரம். தங்கை மகள் என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். விண்வெளியில் நடக்கும் மாயாஜாலப் படம். ஊரைக் காக்கும் நல்லவன் ஒருவன் கடைசி அரை மணி நேரத்தில் கெட்ட சக்கரவர்த்தியின் பக்கம் போய்விடுவான். அவ்வளவுதான் கதை. இதைச் சொல்ல அவர்களுக்கு இரண்டரை மணி நேரமும் ஆறு கிரகமும் எண்ணி மாளாத வெடியும் தேவைப்பட்டன.

அரங்கம் முழுக்கச் சீனிப்பாகு ஊற்றிய சோளப்பொரி வாசம். எனக்கோ அந்தப் படம் என்றாலே வேறு வாசம்தான் வரும். புளித்த ரப்பர் பால், கொசுவத்தி, ஏலக்காய் தட்டிப் போட்ட தேத்தண்ணி. கதாநாயகன் முட்டி போடும் கட்டத்தில் நான் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என்ன செய்வது நண்பரே, அந்த மனிதனை ஒரு முறை கெட்டுப்போகாமல் காப்பாற்றியவன் நான்.

பீடோருக்கு உள்ளே இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். நாற்பது குடும்பங்கள். நான் ஐந்தாம் பாரம் முடித்துக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். டப்பாக்களைத் தூக்கிப் பார்த்து நல்லது, நொள்ளை என்று பிரிக்கிற வேலை. தோட்டத்திலோ என்னை எஞ்சினியர் என்றார்கள். நானும் மறுக்கவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். வரும்போது பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் இரண்டு விசிடி தட்டில் படம் ஒன்று வாங்கி வருவேன். மூடிக் கிடந்த ஆயாக்கொட்டகையில், ஒரு காலத்தில் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு அம்மாக்கள் பால்வெட்டுக்குப் போன அதே கொட்டகையில், ஞாயிறு மதியம் படம் ஓடும்.

இங்கிலீஷ் படம் என்றால் ஒருவர் டிவிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்ல வேண்டும். அது எங்கள் தோட்டத்து வழக்கம். அந்த வேலை எனக்கு. என் இங்கிலீஷ் கால்வாசி, கீழே ஓடும் மலாய் எழுத்து கால்வாசி, மீதி அரைவாசி சொந்தச் சரக்கு. கூலி, கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் இரண்டு. விண்வெளிக் கப்பலை லோரி என்பேன். சக்கரவர்த்தி பெரிய துரை. எந்திர மனிதர்கள் கணக்கெழுதும் கிராணிமார். கிரகங்களின் பேரவைக்குத் தொழிற்சங்கம் என்று பெயர் வைத்தேன். அது கூடிக் கூடிப் பேசி ஒன்றும் செய்யாததால் எல்லோருக்கும் உடனே விளங்கியது. கதாநாயகனின் பெயர் வாயில் நுழையவில்லை. ராஜா என்று வைத்துவிட்டேன்.

முதல் தட்டில் ராஜா பறந்து பறந்து அடித்தான். கொட்டகை விசிலில் ஆடியது. முன்வரிசையில், தலைவருக்கென்று போட்ட ஒற்றை நாற்காலியில் மணியம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். லோரி ஓட்டுநர், குடியிருப்போர் சங்கத்துக்கும் தலைவர். சும்மா சொல்லக்கூடாது, அப்போது அவர் நிஜமான தலைவர். தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்று தெரிந்ததும், மண் தள்ளும் இயந்திரத்துக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்தவர். எங்களுக்கு இதே மண்ணில் வீடு வேண்டும், இல்லையென்றால் என் மேல் ஏறிப் போ என்றார். இயந்திரக்காரன் வண்டியை அணைத்துவிட்டு வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

இரண்டாவது தட்டில்தான் வினை. ராஜா பெரிய துரை முன்னால் போய் முட்டி போட்டான். துரை கறுப்பு அங்கியைப் போர்த்திவிட்டார். ராஜா திரும்பி வந்து சொந்த ஊர்க்காரர்களையே அடித்தான். கொட்டகை கொதித்துவிட்டது. காசு கொடுத்து இந்தக் கண்றாவியை வாங்கிட்டு வந்தியா என்று ஆளுக்கு ஆள் என்னைத் திட்டினார்கள். யாரோ டிவியை அணைக்க எழுந்தார். எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பாப்பாத்தி அக்கா, இருநூறு மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து சோறுகூட ஒழுங்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கையிலிருந்த கறிபாப்பைக் கீழே வைத்தேன். மானம் போகிறதே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"உக்காருங்க லா எல்லாரும். ராஜா கெட்டுப் போகல. வேவு பாக்க உள்ள போயிருக்காரு. நடிக்கிறாரு. அடுத்த பாகத்துல துரைய முடிச்சிட்டு வெளிய வருவாரு."

அவ்வளவுதான். எல்லோரும் அடங்கி உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ராஜா அடித்த ஒவ்வோர் அடிக்கும், பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கிறான் என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். படம் முடிந்ததும் மணியம் அண்ணன் என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இயக்குநருக்கே வராத யோசனை எனக்கு வந்துவிட்டதல்லவா.

அடுத்த வருஷம் மணியம் அண்ணன் லோரியை விட்டுவிட்டார். அதே கம்பெனியில் அவருக்குக் கட்டட மேற்பார்வை வேலை. பளபளவென்று ஒரு கறுப்பு வண்டி. சாரம் போய்க் காற்சட்டை வந்தது. காற்சட்டையில் மடிப்பு கலையக்கூடாதென்று அவர் யார் வீட்டிலும் உட்காரவில்லை. கம்பெனி முதலாளி தவுக்கேயோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் யாரும் அவரைத் திட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. கடைத்தெருவிலும் குழாயடியிலும் ஒரே பேச்சு: அண்ணே வேவு பார்க்கத்தான் உள்ளே போயிருக்கிறார், அந்தப் படத்தில் வந்தது மாதிரி.

அந்தச் சமயத்தில் ஈப்போவிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கணீரென்ற தமிழ். மூன்று மாதத்துக்குள் எல்லாக் குடும்பமும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் இதே நிலத்தில் வீடு கேட்க வழி இருக்கிறது, தவறினால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெளிவாகச் சொன்னார். தாள்களையும் வைத்துவிட்டுப் போனார். தாள்கள் ஆயாக்கொட்டகையிலேயே கிடந்தன. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும், போடலாம் என்று இருந்துவிட்டார்கள்.

கெடு நெருங்கிக்கொண்டே வந்தது. பீடோர் கடை ஒன்றில் மணியம் அண்ணனைப் பிடித்தேன். எங்களுக்காக உள்ளே பேசுகிறீர்களா, இல்லையா என்று நேராகவே கேட்டேன். அவர் நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த தே தாரிக்கை ஊதி ஊதிக் குடித்தார். பிறகு கண்ணைச் சுருக்கிச் சிரித்தார்.

"நீதான தம்பி சொன்ன, வேவு பாக்க போயிருக்காருன்னு. அப்படியே இருக்கட்டும் லா. சனம் நிம்மதியா இருக்குல்ல?"

கறிபாப் ஒன்று வாங்கி என் தட்டிலும் வைத்தார். நானும், என்னைச் செருப்பால் அடித்தால் தகும், தின்றேன்.

அன்றைக்கே தோட்டத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். படத்தில் அவன் நடிக்கவில்லை, இவரும் நடிக்கவில்லை, தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்று. இரண்டு வரி. ஆனால் அப்படிச் சொன்னால் என் இங்கிலீஷ் கால்வாசிதான் என்பது வெளியே தெரிந்துவிடுமே. எஞ்சினியர் பட்டம் என்ன ஆவது? இன்னொன்றும் உண்டு, மறைப்பானேன். மணியம் அண்ணன் என்னோடு முறைத்துக்கொள்வார் என்று பயந்தேன். என் தம்பிக்குக் கம்பெனியில் ஒரு வேலை வாங்கித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று கமுந்திங்கிலேயே தங்கிவிட்டேன். தொழிற்சாலையில் நொள்ளை டப்பாவை மட்டும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதமும் போனது. நோட்டீஸ் ஒட்டினார்கள். வரிசை வீடுகளைத் தள்ளின நாளில் மேற்பார்வைக்கு மணியம் அண்ணனே வந்து நின்றார். வெயிலுக்குக் குடை பிடிக்க அவருக்கு ஆளும் இருந்தது. சனங்கள் மூட்டைகளோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தம்பிக்கு அந்த வேலையும் கிடைக்கவில்லை.

போன ஞாயிறு படம் பார்த்துவிட்டு, தங்கை மகளை வீட்டில் இறக்கிவிட்டு, மனசு கேட்காமல் பாப்பாத்தி அக்காவைத் தேடிப் போனேன். ஈப்போவுக்கு வெளியே மலிவு விலை அடுக்குமாடியில் ஐந்தாம் மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. அக்காவுக்கு முட்டி வலி, கீழே இறங்கி மாசக் கணக்கு ஆகிறதாம். சன்னலில் ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தில் கறிவேப்பிலை வைத்திருந்தார். தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் அவருக்கு முருங்கையும் பலாவும் பதினாறு கோழியும் இருந்தன.

தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லிவிட்டேன். அந்தப் படத்தில் ராஜா நடிக்கவில்லை அக்கா, நிஜமாகவே கெட்டுப் போய்விட்டான், நான்தான் பொய் சொன்னேன், அதை நம்பித்தானே நீங்கள் எல்லோரும் மணியத்துக்காகக் காத்திருந்தீர்கள் என்று.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அன்னைக்கே தெரியும்டா. முட்டி போட்டப்ப அவன் மூஞ்சிய பாத்தோம்ல. எங்களுக்கு என்னா கண்ணு தெரியாதா?"

"அப்புறம் ஏங்க்கா மணியம் அண்ணன நம்புனீங்க?"

"அவன யாரு நம்புனா? வண்டி வந்த அன்னைக்கே அவன் கத தெரிஞ்சிபோச்சி. வெளிய பேசிக்கிட்டதெல்லாம் சும்மா." அக்கா காலை நீவிக்கொண்டே சொன்னார். "நீ படிச்ச புள்ள. மோசம்னா நீ வந்து சொல்லிருப்பியேன்னு இருந்தோம். ஒன்னத்தான்டா நம்புனோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அக்கா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே எனக்குத் தேத்தண்ணி கலக்கப் போனார். எனக்கு அழுகை வந்தது. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வாசலில் காவலாளி வைத்த மாடி வீடுகள்; உள்ளே போக அடையாள அட்டை கேட்கிறார்கள். மற்ற குடும்பங்கள் எங்கே போயின என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன். ஏழெட்டுப் பேர் பெயரைச் சொன்னார். மீதிப் பேரைப் பற்றி அக்காவுக்கும் தெரியவில்லை.